மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்த பிறகு: ஆஸ்துமாவில் ஏற்பிகளை அடைக்கும் ஊசிகள்

பத்து வருடம் உவர்த் தண்ணீர் ஓடிய முக்கால் அங்குலக் குழாயை அறுத்துப் பார்த்தால், உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை இருக்கும். மீதி முழுக்க உப்புப் படிவு. இராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி பக்கம் இதைப் பார்க்காத பிளம்பர் கிடையாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், வால்வும் முழுக்கத் திறந்திருக்கும். ஆனாலும் நூலாகத்தான் வரும்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் இரண்டு விதமாகச் சுருங்குகிறது. ஒன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது. இது வால்வை மூடுவது போன்றது. தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தை இரண்டு பஃப் இழுத்தால் ஐந்து பத்து நிமிடத்தில் திறந்துவிடும். மற்றொன்று, வருடக்கணக்கில் சுவரே தடித்துப் போவது. இதற்குச் சால்பியூட்டமாலால் ஒன்றும் செய்ய முடியாது. 'முன்னெல்லாம் மருந்து உடனே கேட்கும், இப்போ கேட்கிறதில்லை' என்று இழுப்புக்காரர்கள் சொல்வதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

தடிப்பு சிறிதாக இருந்தாலும் விளைவு பெரிது. காற்று சீராக ஓடும் குழாயில் தடையானது ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் தடை 2.4 மடங்காகும், பாதியாகக் குறைந்தால் 16 மடங்கு. ஏற்கெனவே தடித்த சுவரின் மேல் தசையும் சற்று இறுகினால், மற்றவருக்கு இருமலோடு போகும் தூசி இவரை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும்.

சுவரில் மாறுவது ஓர் இடம் மட்டுமல்ல. உட்பரப்பில் மயிரிழைச் செல்கள் குறைந்து, சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் பெருகுகின்றன. அதற்குக் கீழே இருக்கும் வலைப்பின்னல் படலம் இயல்பில் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர்தான். ஆஸ்துமாவில் கொலாஜன் படிந்து ஒன்றரை, இரண்டு மடங்காகிறது. கடும் இழுப்பு உள்ள குழந்தைகளில் மூன்று வயதுக்குள்ளேயே இந்தத் தடிப்பு காணப்பட்டிருக்கிறது. தசை நார்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் கூடுகின்றன, புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல், சிறு குழாய்களைத் தக்கை போல அடைத்துக்கொள்ளும் சளிக்கட்டிகள். ஆஸ்துமா உள்ளவர்களின் சி.டி. படங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில் 58 சதவீதம் பேருக்கு ஒரு பகுதியிலாவது இந்தத் தக்கை இருந்தது. அதே ஆட்களை வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் பலருக்கு அது போகவில்லை. அதாவது, இது இருமினால் வந்துவிடும் சளி அல்ல.

(சங்கு எடுக்க முக்குளிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கம்ப்ரசர் குழாயில் காற்றை இழுத்துக்கொண்டு 10 மீட்டர் ஆழத்தில் இருப்பவரின் நுரையீரலில் தக்கைக்குப் பின்னால் சிக்கிய காற்று, அவர் மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் நுரையீரல் கிழியும். மேலேயே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கும் பழைய முறையில் இந்தக் குறிப்பிட்ட ஆபத்து இல்லை.)

சுவர் ஏன் தடிக்கிறது? ஒவ்வாமையால் வந்து குவியும் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கசியவிடும் பொருள்கள்தான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை 2011-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. இலேசான ஆஸ்துமா உள்ள 48 பேரை நான்காகப் பிரித்தார்கள். சிலருக்குத் தூசிப்பூச்சி ஒவ்வாமைப் பொருளைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள், சிலருக்குத் தசையை இறுக்க மட்டும் செய்யும், ஒவ்வாமையே தராத மெத்தகோலின், சிலருக்கு உப்புநீர், சிலருக்கு முதலில் சால்பியூட்டமால், பிறகு மெத்தகோலின். இரண்டு நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை. பிறகு சுவரில் துணுக்கெடுத்துப் பார்த்தபோது, ஒவ்வாமைக் குழுவில் மட்டுமே இயோசினோஃபில் கூடியிருந்தது. ஆனால் கொலாஜன் படிவும் கோப்பைச் செல் பெருக்கமும் மெத்தகோலின் குழுவிலும் இருந்தன. சால்பியூட்டமால் முதலில் கொடுத்தவர்களுக்கு அந்த மாற்றம் வரவில்லை.

எளிய வார்த்தையில் சொன்னால், இழுப்பு வந்து வந்து போவதே சுவரைத் தடிக்க வைக்கிறது. குழாய் இறுகும்போது உட்பரப்புச் செல்கள் நசுங்குகின்றன. நசுங்கிய செல்கள் 'சுவரைப் பலப்படுத்து' என்று கீழே உத்தரவு அனுப்புகின்றன. 'இழுத்தா ரெண்டு பஃப், இல்லாட்டி ஒன்னும் வேணாம்' என்று காலம் தள்ளுவது இதனால்தான் தப்புக் கணக்கு. உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா, 2019 முதல் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியே கொடுக்க வேண்டாம் என்கிறது. உறிஞ்சும் ஸ்டீராய்டு எந்தக் கட்டத்திலும் கூடவே இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். இனிப் பேசப்போகும் ஊசிகள், அதைச் சரியாக எடுத்தும் அடங்காத சிறு பகுதியினருக்கு மட்டுமே.

குழாயில் படிந்த உப்பு உயிரற்றது. மூச்சுக்குழாய்ச் சுவரோ உயிருள்ள திசு. வரும் உத்தரவுக்கு ஏற்ப வளரும், நின்றால் ஓரளவு தணியும். அந்த உத்தரவுகள் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் வழியாகவே உள்ளே போகின்றன. ஏற்பியை அடைத்தால் உத்தரவு நிற்கும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் கருத்து.

முதன்மையானது ஐ.எல்.4 ஆல்பா ஏற்பி. இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 13 என்ற இரண்டு தூதுப் புரதங்களுக்கும் இது பொதுவான கதவு. கோப்பைச் செல், தசை நார், கொலாஜன் நெய்யும் நார்ச்செல் எல்லாவற்றிலும் இருக்கிறது. இதன் வழியாக உத்தரவு போனால் ஸ்டாட் 6 என்ற புரதம் விழித்து, கெட்டிச் சளியைச் சுரக்க வைக்கும். கூடவே நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியையும் கூட்டும். வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் ஃபீனோ சோதனை, சுற்றி வளைத்து இந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையே அளக்கிறது. டுபிலுமாப் என்ற ஊசி இந்தக் கதவை அடைக்கும். ஆஸ்துமாவுக்கு அமெரிக்க அனுமதி 2018-இல் கிடைத்தது. பெரியவர்களுக்கு முதல் தவணை 400 மி.கி., பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200. மாத்திரை ஸ்டீராய்டை நம்பி இருப்பவர்களுக்கு 600, பிறகு 300.

அடுத்தது ஐ.எல்.5 ஆல்பா ஏற்பி. பெரும்பாலும் இயோசினோஃபில் மேல் இருப்பது. பென்ரலிசுமாப் இதைப் பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை. அதன் வால்பகுதியில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையை நீக்கியிருப்பதால், இயற்கைக் கொல்லிச் செல்கள் வந்து அந்த இயோசினோஃபிலையே கொன்றுவிடும். ஒரு நாளுக்குள் இரத்தத்தில் எண்ணிக்கை பூச்சியத்தை நெருங்கும். 30 மி.கி., முதல் மூன்று ஊசி நான்கு வாரத்துக்கு ஒன்று, பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று. மெபோலிசுமாப் ஏற்பியைத் தொடாமல், அதை நோக்கி வரும் இன்டர்லூக்கின் 5-ஐ வழியிலேயே பிடிக்கும். மாதம் 100 மி.கி. எல்லாவற்றிலும் மூத்தது 2003-இல் அனுமதி பெற்ற ஓமாலிசுமாப். இது ஐ.ஜி.ஈ. எதிரணுவைப் பிடித்து, ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்லின் ஏற்பியில் உட்காராமல் தடுக்கிறது. டெசிபெலுமாப் இன்னும் மேலே போய், உட்பரப்புச் செல்கள் முதன்முதலில் எழுப்பும் அபாயக் குரலான டி.எஸ்.எல்.பி.-யைத் தடுக்கிறது. ஊர்ப் பக்கம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரையும் ஏற்பி அடைப்பான்தான், லூக்கோட்ரையீன் ஏற்பிக்கு. பலம் குறைவு. மனநிலை மாற்றம், கெட்ட கனவு போன்ற விளைவுகளுக்காக அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிடும் மருந்தல்ல அது.

எந்த ஏற்பியை அடைத்தாலும் பலன் வரும் என்று நினைக்க வேண்டாம். இன்டர்லூக்கின் 17 ஏற்பியை அடைத்த புரோடலுமாப் ஆஸ்துமாவில் தோற்றது (2013). புரோஸ்டாகிளான்டின் டி2-வின் ஏற்பியை அடைத்த ஃபெவிபிப்ரன்ட் மாத்திரை கடைசிக் கட்டத்தில் 2019-இல் கைவிடப்பட்டது. இன்டர்லூக்கின் 13-ஐ மட்டும் பிடித்த இரண்டு மருந்துகளும் உறுதியான பலன் தரவில்லை. 4-உம் 13-உம் பொதுக் கதவால் நுழைபவை. கதவை மூடாமல் ஒருவரை மட்டும் நிறுத்தினால் மற்றவர் போய்க்கொண்டே இருப்பார்.

இதைவிடப் பெரிய பாடம் மெபோலிசுமாப்பின் கதையில் இருக்கிறது. 2000-இல் இலேசான ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது இயோசினோஃபில் குறைந்தது, நோய் மாறவில்லை. மருந்து வீண் என்றார்கள். 2009-இல் இயோசினோஃபில் விடாமல் கூடியிருந்து, அடிக்கடி கடும் இழுப்பு வருபவர்களை மட்டும் தேர்ந்து கொடுத்தபோது இழுப்புகள் நன்றாகக் குறைந்தன. மருந்து மாறவில்லை, ஆள்தான் மாறினார்.

சரி, தடித்த சுவர் மெலிகிறதா? இங்கேதான் விளம்பரத்தையும் உண்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மெபோலிசுமாப் கொடுத்து 2003-இல் 24 பேரிடம் செய்த ஆய்வில், வலைப்பின்னல் படலத்தில் டெனாஸ்சின், லூமிகன் முதலிய படிவுப் புரதங்கள் குறைந்தன. 2021-இல் வெளியான காஸ்கேட் ஆய்வில் 116 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 28 வாரம் டெசிபெலுமாப், மீதிப் பேருக்கு வெற்று ஊசி கொடுத்துச் சுவர்த் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். இயோசினோஃபில் குறைந்தது, குழாயின் எரிச்சல் தன்மை தணிந்தது, சி.டி.-யில் சளித் தக்கைகளும் குறைந்தன. ஆனால் படலத்தின் தடிப்பு மாறவில்லை. டுபிலுமாப்பை 109 பேரிடம் 24 வாரம் சோதித்த வெஸ்டிஜ் ஆய்விலும் தக்கைகள் குறைந்தன. ஃபீனோ 25-க்குக் கீழே இறங்கியவர்கள் ஊசிக் குழுவில் 57 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 11 சதவீதம்.

ஆக, ஆறேழு மாதத்தில் உறுதியாகத் திறப்பது தக்கையால் அடைபட்ட குழாய்தான். கொலாஜன் சுவர் அவ்வளவு சீக்கிரம் கரையாது. புதிதாகப் படிவதை நிறுத்துவதே பெரிய லாபம். மூச்சுத் திறன் பாதியாகும் வரை காத்திருந்து பிறகு ஊசிக்குப் போவதைவிட, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மாத்திரை ஸ்டீராய்டு தேவைப்படும் நிலையிலேயே யோசிப்பது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஊசியைத் தேர்வு செய்வது விலை குறைந்த ஒரு இரத்தச் சோதனையில் தொடங்குகிறது: இயோசினோஃபில் எண்ணிக்கை. சதவீதம் போதாது, மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்ற முழு எண் வேண்டும். 150-க்கு மேல் என்றால் கவனிக்கத் தக்கது; 300-ஐத் தாண்டினால் ஐ.எல்.5 வழி ஊசிகளுக்கு (பென்ரலிசுமாப், மெபோலிசுமாப்) பலன் எதிர்பார்க்கலாம். ஃபீனோ 25-க்கு மேல் இருந்தால் டுபிலுமாப்பின் பக்கம் சாயலாம்.

இந்த எண் கடற்கரையில் இரண்டு விதமாகப் பொய் சொல்லும்.

முதல் பொய், குறைத்துக் காட்டுவது. இழுப்பு வந்ததும் பக்கத்துக் கிளினிக்கில் டெரிபிலின், டெக்ஸாமெத்தசோன் இரண்டையும் சேர்த்து ஊசி போட்டுக்கொள்வது நம் ஊர்களில் சாதாரணம். டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு, சில மணி நேரத்திலேயே இயோசினோஃபிலைச் சுருட்டிவிடும். மறுநாள் இரத்தம் எடுத்தால் 20, 30 என்று வரும், 'உங்களுக்கு இந்த வகை இல்லை' என்று எழுதிவிடுவார்கள். கடைசி ஸ்டீராய்டு ஊசி அல்லது மாத்திரைக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் மூன்று தடவை வரை திரும்பப் பார்க்கலாம். 'ஆஸ்துமா பொடி' என்று விற்கும் நாட்டு மருந்துகள் சிலவற்றிலும் ஸ்டீராய்டு கலப்பு பிடிபட்டதுண்டு. டாக்டரிடம் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பொய், கூட்டிக் காட்டுவது. கடற்கரை மணலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு தோல் வழியே ஏறும். புழு இருந்தால் இயோசினோஃபிலும் ஐ.ஜி.ஈ.-யும் ஆஸ்துமா இல்லாமலே கூடும். புழுவை எதிர்க்க உடல் பயன்படுத்துவதும் இதே இன்டர்லூக்கின் 4, 5, 13 வழிகளைத்தான். அதனால் ஊசி தொடங்கும் முன் புழுவுக்கு மருந்து கொடுத்து முடிக்கச் சொல்லி இம்மருந்துகளின் குறிப்பேடுகளே எச்சரிக்கின்றன. கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு வேளை, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு அது போதாது, எடைக்குக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் உள்ளவருக்குத் தொடர்ந்து ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடல் முழுக்கப் பரவி உயிரையே எடுக்கும் என்பதால் இதைத் தட்டிக் கழிக்க முடியாது.

எண்ணிக்கை 3000-ஐத் தாண்டினால் ஆஸ்துமாவை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் யானைக்கால் புழுவை நினைக்க வேண்டும். கொசு வழியாக வரும் இந்தப் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி, இரவில் இருமலும் இழுப்புமாகக் காட்டும் நோய்க்கு வெப்பமண்டல நுரையீரல் இயோசினோஃபில் மிகை என்று பெயர். வைன்கார்டன் என்ற மருத்துவர் 1943-இல் இந்தியாவிலிருந்து இதை விவரித்தார். இரவு இரத்தத்தில் தேடினாலும் புழுக்குஞ்சு பொதுவாகக் கிடைக்காது, ஐ.ஜி.ஈ. 1000-க்கு மேல் போகும், யானைக்கால் புழுவுக்கான எதிரணு கூடியிருக்கும். இதற்கு மருந்து டை எத்தில் கார்பமசீன் மாத்திரை, தினம் கிலோவுக்கு 6 மி.கி., மூன்று வாரம். பெரும்பாலும் அதிலேயே அடங்கும். மாத்திரைக்கு அடங்கும் இந்த நோய்க்கு ஆஸ்துமா ஊசி போட்டால் பணமும் வீண். சிகிச்சை இல்லாமல் விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பும் விழும்.

டுபிலுமாப் தொடங்கிய பிறகு இயோசினோஃபில் சில மாதம் ஏறுவது வேறு விஷயம். திசுவுக்குள் நுழையும் வழி அடைபட்டதால் இரத்தத்திலேயே நிற்கின்றன. 1500-க்கு மேல் ஏறி, கூடவே கால் மரத்துப்போதல், தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் உடனே பார்க்க வேண்டும்.

ஏற்பிக்கு உத்தரவு அனுப்புவது எது என்பதையும் இந்தக் கரையிலேயே தேட வேண்டும். நண்டை அவித்துச் சதை பிரிக்கும் கம்பெனிகளில் ஆவியோடு நண்டுப் புரதமும் காற்றில் கலக்கிறது. நண்டு வேலையாட்களுக்கு அதனால் ஆஸ்துமா வருவதைக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980களிலேயே நிறுவியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊதி, வேலைக்குப் போகும் இரண்டு வாரம், போகாத இரண்டு வாரம் என்று எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தும் அவிக்கும் அறையிலேயே இருந்துகொண்டு ஊசி போடுவது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போலத்தான். சாயல்குடி பக்கம் சீமைக்கருவேலக் கரிமூட்டப் புகை, அதே மரத்தின் மகரந்தம், ஈரக்காற்றில் பெருகும் படுக்கைத் தூசிப்பூச்சி எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. கொசுவர்த்தியும்தான்: ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் அளந்திருக்கிறார்கள். கொசுவும் வேண்டாம், புகையும் வேண்டாம் என்றால் கொசுவலைதான் வழி.

பொருளைப் பாதுகாப்பதிலும் கடற்கரைக்குத் தனிக் கவனம் வேண்டும். பொடியாக உறிஞ்சும் ரோட்டாகேப் கேப்ஸ்யூலை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் பொடி கட்டிபிடித்து நுரையீரலுக்குப் போகாது. டப்பாவை உடனுக்குடன் மூடி, ஈரமில்லாத கையால் எடுத்து, அப்போதே இழுக்க வேண்டும். ஊசிப் பேனாக்களுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் தேவை. வெளியில் 14 நாள் வைக்கலாம் என்று டுபிலுமாப், பென்ரலிசுமாப் குறிப்பில் இருப்பது 25 டிகிரிக்குள் என்ற நிபந்தனையோடு. இராமேசுவரத்தில் விசிறிக்குக் கீழேகூட அந்தச் சூடு தாண்டிவிடும், ஆகவே அந்தச் சலுகையை இல்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது. மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர் கொண்டுவரும்போது மீன்பெட்டியில் ஐஸுக்குள் புதைக்கக் கூடாது. உறைந்தால் புரதம் கெடும். உருகிய பின் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஜெல் பையைத் துணியில் சுற்றி, நடுவே அட்டை வைத்துத்தான் பேனாவை வைக்க வேண்டும். போடும் முன் அரை மணி முதல் முக்கால் மணி வெளியே வைத்து, குலுக்காமல், தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வயிற்றிலோ தொடையிலோ போடலாம்.

பலன் உண்டா என்று பார்க்க நான்கு மாதம் கொடுக்க வேண்டும். மாதத்துக்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகும் மருந்து என்பதால், தொடங்கும் முன்பே இழுப்புத் தடவை, மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி அளவு, குடித்த பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) மாத்திரை எண்ணிக்கை மூன்றையும் எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. உறிஞ்சும் ஸ்டீராய்டை ஊசி வந்ததும் நிறுத்தக் கூடாது. நெடுநாள் பிரெட்னிசலோன் சாப்பிட்டவர் அதைத் திடீரென விட்டால், தூங்கிக்கிடக்கும் அட்ரினல் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாமல் மயக்கமும் வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். தினம் 5 மி.கி. வரை படிப்படியாக இறங்கிய பின், காலை எட்டு மணிக்கு அந்தச் சுரப்பி சுரக்கும் கார்டிசாலின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் அதற்குக் கீழே இறக்குவார்கள்.